பேதுருவுக்கு வைத்த மூக்கு

எலி செய்த வேலை

பேதுருவின் மூக்கை எலி தின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அச்சகத்தைத் திறந்து பிளாக் பெட்டியை இழுத்தபோதுதான் கண்டேன். மூக்கோடு ஒரு கன்னமும் பாதித் தாடியும் போயிருந்தன. பக்கத்திலேயே கெட்டவன் தலை கிடந்தது. அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

இதழ் அன்று பின்னேரமே கட்டுக் கட்டாகப் பங்குக் கோயில்களுக்குப் போகவேண்டும். படம் கீறுகிற ஞானம் கொடிகாமத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றார். அவரைக் கூப்பிடப் போன் இல்லை. சைக்கிளில் போய்க் கூட்டிவந்தாலும் புதுத் தலை வெட்ட லினோ இல்லை. நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, மூக்கில்லாத பேதுருவைப் பார்த்தபடி நின்றேன்.

இன்றைக்குக் கொம்பியூட்டரில் படம் போடுகிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. கொஞ்சம் விளங்கப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. கொழும்பிலிருந்து படம் அச்சடிக்கிற துத்தநாக பிளாக் வராது, நல்ல பேப்பரும் வராது. கத்தோலிக்கப் பங்கு நடத்திய சின்ன அச்சகம் ஒன்றில் நான் அச்சுக்கோப்பவனாக இருந்தேன். சாவகச்சேரியிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். மெசினைக் காலால் மிதித்துத்தான் ஓட்டவேண்டும். அங்கே ஒரு சிறுவர் மாத இதழ் அச்சடித்தோம், கொப்பித் தாளில். உள்ளே வேதாகமச் சித்திரத் தொடர். கடைசிப் பக்கத்தில் சீனி முதலாளி என்று ஒரு பகிடிச் சித்திரம்.

படத்துக்கு பிளாக் இல்லாதபடியால் ஞானம் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிநாடு போன ஒருவருடைய வீட்டுத் தரையில் விரித்திருந்த லினோலியத்தைக் கேட்டு வாங்கி வந்தார். அது நன்றாக வெட்டுப்படும், முடி முடியாகக் கோடு விழும். ஆனால் கொஞ்சம்தான் இருந்தது. ஆகவே தலைகளை மட்டும் லினோவில் வெட்டி, மரக்கட்டையில் ஒட்டி, அச்செழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். உடம்பு, படகு, கழுதை, கோயில் எல்லாம் தேய்ந்த றப்பர் செருப்பில் மாதாமாதம் புதிதாக வெட்டுவார். கழுத்துக்கு மேலே ஒரு குழி விடுவார். அதற்குள் நான் தலையைச் செருக வேண்டும்.

நெருப்புப் பெட்டி அளவில் மொத்தம் ஐந்து தலைகள். ஆண்டவர், மாதா, ஒரு பிள்ளை, பேதுரு, கெட்டவன். ஆண்களில் நல்லவர்கள் எல்லாருக்கும் பேதுருவின் தலைதான். சூசையப்பருக்கும் அதுதான், ஸ்நாபக அருளப்பருக்கும் அதுதான். கெட்டவன் தலை ஏரோது அரசனுக்கு, தலைமைக் குரு கயபாவுக்கு, கோயிலில் காசு மாற்றுகிறவர்களுக்கு, யூதாசுக்கு. மாதாவுக்கு இடம் இல்லையென்று சொன்ன சத்திரக்காரனுக்கும் அதுதான். கடைசிப் பக்கத்துக்குப் போனால், சீனியைப் பதுக்கி வைத்துவிட்டுக் கைகளைத் தேய்க்கிற முதலாளிக்கும் அதே தலை.

அந்தத் தலையில் மூக்குத்தான் விசேஷம். மேலே புடைத்துக் கீழே கொக்கியாக வளைந்து, மேலுதட்டைத் தொடுகிற மூக்கு. தடித்த இமை, பக்கத்தில் ஒரு சுருள் முடி. ஞானம் தன் வாழ்நாளில் ஒரு யூதரைக் கண்டவரில்லை. யாழ்ப்பாணத்தில் யார் கண்டார்கள்? மிஷன் காலத்து மறைக்கல்விப் படச் சுருள்களையும், வெளிநாட்டுச் சித்திரக்கதைகளில் வரும் வட்டிக்காரர்களையும் பார்த்துப் பழகிய கை. கெட்டவன் என்று நினைத்தாலே அந்த மூக்குத் தானாக வந்துவிடும்.

நானோ சைவக்காரன். எனக்குப் பேதுரு யார், கயபா யார் என்பதெல்லாம் மூக்கைப் பார்த்துத்தான் தெரியும். நேரான மூக்கு நல்லவன், வளைந்தது கெட்டவன். வேதாகமத்தை நான் அப்படித்தான் படித்தேன்.

அன்றைய பக்கத்தில், இரவு முழுக்க ஒரு மீனும் படாமல் திரும்பியவர்கள், ஆண்டவர் சொன்னபடி திரும்ப வலை போட்டு, வலை கிழியக் கிழிய மீன் பிடிக்கிற கட்டம். படகில் நின்று வலை இழுக்கிற பேதுருவுக்குத் தலை வேண்டும். ஆண்டவர் தலையைத் தொடமுடியாது. மாதா தலைக்கு முக்காடு இருக்கிறது. பிள்ளையின் தலையை வைத்தால் சின்னப் பிள்ளை மீன் பிடிக்கிறதாகிவிடும். மிஞ்சியது கெட்டவன் தலை. எலி விட்டு வைத்த பாதித் தாடியை வெட்டி எடுத்து அவனுக்கு ஒட்டினேன். ‘மீன் பிடிக்கிற ஆள்தானே, எந்த மூக்காயிருந்தால் என்ன’ என்று மெசினை மிதிக்கத் தொடங்கினேன். பின்னேரம் கட்டுகள் போய்விட்டன.

சுவாமி வந்தார்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, திங்கள் காலை நான் வருவதற்கு முன்பே சுவாமி அச்சகத்தில் நின்றார். இதழுக்கு ஆசிரியர் அவர்தான். குருநகர்க் கோயிலின் பங்குக் குருவும் அவர்தான். ரோமில் படித்தவர், பகிடிக்காரர். அன்று பகிடி விடவில்லை.

“தம்பி, உது என்ன வேலை? பேதுருவுக்கு யூதாசின்ரை தலையோ?”

“பேதுருவை எலி திண்டிட்டுது, சுவாமி.”

“எலி திண்டால்? ஞாயிறுப் பள்ளியிலை பிள்ளையள் என்னைக் கேக்கினம், சீனி முதலாளி மனந்திரும்பிக் கடலுக்குப் போயிட்டாரோ எண்டு. நான் என்ன சொல்ல?”

“அப்பிடியே சொல்லியிருக்கலாம், சுவாமி. நல்ல முடிவுதானே.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பக்கத்தை விரித்து விரலால் தட்டினார். “அதோடை பாரும். ஆண்டவர் இந்தப் பக்கம் நிக்கிறார். இவர் அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

அது உண்மை. நல்ல தலைகள் எல்லாம் வலப்பக்கம் பார்க்கும், கெட்டவன் இடப்பக்கம் பார்ப்பான். வெட்டிய பிளாக்கைத் திருப்ப முடியாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அந்தோனிப்பிள்ளை அண்ணை. குருநகர்க் கடற்றொழிலாளி, நாற்பதைத் தாண்டியவர். கையில் எங்கள் இதழ். அவர் முகத்தை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஞானம் லினோவில் வெட்டிய அதே மூக்கு, வெயிலில் கறுத்து, உயிரோடு வந்து நின்றது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“இதை ஆர் கீறினது? முந்தி ஒரு பேதுரு வாறவர், பாங்கிலை வேலை செய்யிற ஆள் மாதிரி. உப்பு நீர் படாத மூஞ்சை. இந்த முறைதான் அச்சொட்டாய் எங்கடை ஆள் மாதிரிக் கிடக்கு. எங்கடை பக்கம் எல்லா வீட்டுச் சுவரிலையும் இப்ப இந்தப் படந்தான்.”

“அவர் ஆண்டவரைப் பாக்காமல் நிக்கிறாரே, அந்தோனி” என்றார் சுவாமி.

“வலை அந்தப் பக்கம்தானே கிடக்கு, சுவாமி? வலை கிழியப் போகுது. இழுக்கிறவன் வலையைத்தான் பாப்பான். ஆண்டவரைக் கரைக்கு வந்து ஆறுதலாய்ப் பாக்கலாம்.”

நான் மெசினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

அவர் வந்த காரியம்

சிரிப்பு அடங்கியதும் அந்தோனிப்பிள்ளை அண்ணை இதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் குருநகரில் பாஸ்கு போடுவார்கள், ஆண்டவருடைய பாடுகளின் நாடகம். அதில் எட்டு வருசமாக அவர்தான், ஆண்டவரைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அவர் மேடைக்கு வந்தாலே சனம் கூவும். வேறு வேடம் ஒருமுறையும் கொடுத்ததில்லை.

“சுவாமி, இந்த வருசம் எனக்குப் பேதுரு தாங்கோ.”

“பேதுரு றெஜிதானே அந்தோனி, எப்பவும். உமக்கு அந்த வேசம் எடுபடாது. சனத்துக்குப் பாத்த உடனை விளங்கவேணும்.”

“என்னத்தைப் பாத்து விளங்கவேணும்?”

மூவரும் மூக்கைப் பற்றித்தான் நினைத்தோம். அந்தோனிப்பிள்ளை அண்ணையே விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்.

“இதைத்தானே? சரி. என்னைச் சந்தையிலை யூதாஸ் எண்டுதான் கூப்பிடுறாங்கள். நான் பகிடியாய் எடுத்தனான். இப்ப என்ரை பெட்டையைப் பள்ளிக்கூடத்திலை காட்டிக்குடுத்தவன்ரை மகள் எண்டு சொல்லுறாங்களாம். அவள் மூண்டு நாளாய்ப் போகேல்லை. இந்தக் காலத்திலை அந்தச் சொல் பகிடியோ, சுவாமி?”

அந்தக் காலத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: காட்டிக்கொடுத்தவன் என்ற சொல்லை விளையாட்டுக்கும் ஒருவர்மேல் ஒட்டக்கூடாத காலம் அது. ஒட்டினால் உயிர் போகும்.

“நான் ஒண்டு கேக்கிறன், சுவாமி” என்றார் அவர். “யூதாஸ் எந்த ஊர்?”

“யூதேயாப் பக்கம்.”

“பேதுரு?”

“கலிலேயா.”

“ரண்டு பேரும் யூதச் சனம்தானே?”

“ஓம்.”

“மாதாவும்?”

“ஓம், மாதாவும்.”

“ஆண்டவரும்தானே? அப்ப உந்த மூக்கு யூதரின்ரை மூக்கெண்டால் எல்லாருக்கும் வையுங்கோ. இல்லையெண்டால் ஒருத்தருக்கும் வையாதேங்கோ. யூதாசுக்கு மட்டும் அந்த மூக்கு, மற்றவை எல்லாம் பாங்கு உத்தியோகத்தரோ?”

சுவாமி அச்சுக்கோக்கும் ஸ்ரூலில் மெல்ல உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து கெட்டவன் தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் கதைத்தார்.

“இந்தத் தலையை நான் ரோமிலை படிக்கேக்கை கண்டனான். பழைய படங்களிலை, கோயில் சிற்பங்களிலை, பிறகு ஹிற்லரின்ரை ஆக்கள் ஒட்டின நோட்டீசிலை. நூற்றாண்டு நூற்றாண்டாய் யூதச் சனத்தை உப்பிடிக் கீறிக் கீறிக் காட்டினவை. காசுப்பேய், காட்டிக்குடுக்கிறவன், பிள்ளை பிடிக்கிறவன் எண்டு. பாத்துப் பாத்துப் பழகின சனம், கடைசியிலை அவங்களை லட்சக்கணக்கிலை கொண்டுபோய்க் கொல்லேக்கை யன்னலைச் சாத்திப்போட்டு இருந்தது. அந்த மூக்கு மிஷன் படங்களோடை கப்பலேறி இஞ்சையும் வந்திட்டுது. இது எனக்குத் தெரியும், தம்பி. தெரிஞ்சும் மாதாமாதம் என்ரை பேப்பரிலை வாறது கண்ணிலை படேல்லை.”

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்கு முன்னர் நான் கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். அங்கே சிங்களச் சித்திரக்கதைத் தாள் ஒன்று அச்சாகும். அதில் வருகிற தமிழ்க் கடைக்காரருக்கு எப்போதும் ஒரே உருவம்: தொந்தி, நெற்றியில் மூன்று பட்டை, காதில் கடுக்கன், தராசுத் தட்டில் ஒரு விரல். நாங்கள் தமிழ்ப் பெடியன்கள் நாலு பேரும் அதைப் பார்த்துச் சிரிப்போம். கீறினவரும் நல்ல மனுசன், எங்களோடு ஒன்றாகச் சாப்பிடுவார். கலவரத்துக்குப் பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். அந்தக் கப்பலில் வந்தவர்களில் நான் கண்ட ஒருவருக்கும் கடுக்கன் இல்லை. தொந்தியும் இல்லை.

அதை நான் சுவாமிக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தோனிப்பிள்ளை அண்ணை இதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். பிறகு, “அப்ப பேதுரு எனக்குத்தானே?” என்றார்.

சுவாமி அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். “ஓம் அந்தோனி, உமக்குத்தான். ஆனால் யூதாசுக்கு நான் எங்கை போவன்?”

றெஜி

பேதுருவை விட்டுக்கொடுக்கிற ஆள்தான் யூதாசாக வேண்டும், வேறு ஆளில்லை. றெஜி மீனவர் சங்கத்தில் கிளாக். நல்ல நிறம், நேர் மூக்கு, கோயிலில் பாட்டு. கலியாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம். தாய்க்காரி சுவாமியிடம் வந்து, “என்ரை பிள்ளைக்கு உந்த வேசமோ, ஆர் சுவாமி பொம்பிளை குடுப்பினம்?” என்று ஒரு பாட்டம் அழுதா. றெஜிதான், “அம்மா, எட்டு வருசம் நல்லவனாய் நிண்டு எனக்கு அலுத்துப்போச்சு” என்று சமாதானப்படுத்தினான்.

ஒத்திகையில் சுவாமிக்குத் திரும்பவும் பயம் வந்தது. நானும் ஞானமும் காட்சிச் சீலை கீறப் போயிருந்தோம். இராப்போசனக் கட்டம். ஆண்டவரோடு பன்னிரண்டு சீடரும் சாப்பாட்டில் இருக்கிறார்கள்.

“சனத்துக்கு எவன் யூதாஸ் எண்டு விளங்காது, தம்பிமாரே” என்றார் சுவாமி. “கொஞ்சம் கண்ணுக்கு மை கூடப் பூசுவமோ?”

அந்த நேரம் மேடையில், தங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொருவராக, “ஆண்டவரே, நானோ?” “ஆண்டவரே, நானோ?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சுவாமி திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எத்தினை வருசமாய் நான் இந்த வாசகத்தை வாசிக்கிறன். கூட இருந்து திண்டவைக்கே ஆரெண்டு தெரியேல்லை. நானோ, நானோ எண்டு தங்களையே கேட்டவை. மூக்கிலை எழுதிக் கிடந்தால் ஏன் கேப்பினம்? மை வேண்டாம். நடத்துங்கோ.”

ஞானம் கையில் தூரிகையோடு என்னைப் பார்த்தார். “இருபது வருசம் பிழையான ஆளைக் கீறியிருக்கிறன், ஐசே” என்றார்.

பாஸ்கு

கரண்ட் இல்லாதபடியால் பாஸ்கு பகலிலேயே தொடங்கி, பொழுது படமுன் முடிந்துவிடும். தென்னோலைப் பந்தலுக்குள் குருநகர் முழுக்க இருந்தது. நானும் மனைவியும் சாவகச்சேரியிலிருந்து ஒரே சைக்கிளில் போனோம்.

வழக்கமாக யூதாஸ் வந்ததும் கூவுவதற்கென்றே முன்வரிசையில் பெடியன்கள் குந்தியிருப்பார்கள். அன்றும் வாயைக் குவித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தோனிப்பிள்ளை அண்ணை மேடைக்கு வந்ததும் கூவத் தொடங்கினார்கள். அவர் வலையை உதறித் தோளில் போட்ட விதத்தைப் பார்த்ததும் கூவல் பாதியில் நின்றது. யாரோ ஒரு பெண், “உவர் பேதுருவடா, விசரங்களே” என்று அதட்டினா. பந்தலே சிரித்தது. பிறகு கைதட்டல்.

றெஜி வந்தபோது ஒருவரும் கூவவில்லை. சாப்பிட்டான், பாடினான், ஆண்டவருக்குப் பக்கத்தில் இருந்தான். காசை வாங்கியபோது பந்தலுக்குள் சத்தமே இல்லை. முத்தம் கொடுத்து ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தபோது எனக்கு முன்னால் இருந்த மனுசி, “ஐயோ, இந்தப் பிள்ளையோ” என்று வாயைப் பொத்தினா. எட்டு வருசமாக யூதாசுக்குக் கூவிய ஊர், அன்று முதல் தடவையாகப் பயந்தது.

பேதுரு பயத்தில் ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்ததும் கூவுவதற்கு ஒரு சேவலை இரவல் வாங்கிக் கட்டியிருந்தார்கள். அது அந்தக் கட்டம் வரைக்கும் பொறுக்காமல் கடைசி இராப்போசனத்திலேயே கூவித் தீர்த்துவிட்டது. கூவவேண்டிய இடத்தில் கம்மென்று நின்றது. கடைசியில் திரைக்குப் பின்னால் ஞானம்தான் கூவினார். பேதுருவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தார். அந்த மூக்கின் வழியாகக் கண்ணீர் இறங்கி நுனியில் தொங்கியது. அதைவிட நல்ல பேதுருவை நான் காணவில்லை.

றெஜியை அதற்குப் பிறகு யாராவது யூதாஸ் என்று கூப்பிட்டார்களா? ஒருநாளும் இல்லை. நாங்கள் கேட்டுப் பார்த்தோம். அந்த முகத்தில் அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. அடுத்த வருசம் நல்ல இடத்தில் கலியாணமும் முடிந்தது. அவன் செய்தது அதே வேடம், அதே வசனம். அந்தோனிப்பிள்ளை அண்ணையில் மட்டும் ஏன் எட்டு வருசம் ஒட்டியிருந்தது? அதற்கு நாங்கள்தான் முகத்தைத் தயாராக்கி, மாதாமாதம் வீட்டுக்கு வீடு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு எங்கள் வேலைமுறை மாறியது. ஞானம் இன்னொரு வீட்டில் லினோ தேடிப்பிடித்து, மூக்கும் முழியும் வேறு வேறாக ஐந்தாறு தலைகள் வெட்டினார். இது நல்லவன், இது கெட்டவன் என்று பெட்டியில் பிரித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த தலையைச் செருகினோம். ஒரு மாதம் ஏரோதுவுக்குச் சினிமா நடிகர் மாதிரி அழகான தலை விழுந்தது. சீனி முதலாளிக்கு ஒருமுறை சூசையப்பர் மாதிரிச் சாந்தமான முகம் வந்தது. அப்படியான முகத்தோடு சீனி பதுக்கினவர்களை எங்களுக்கும் தெரிந்தபடியால், பகிடி இன்னும் நன்றாக எடுபட்டது.

பாஸ்கு முடிந்த கிழமை அந்தோனிப்பிள்ளை அண்ணை இரண்டு பாரை மீனோடு அச்சகத்துக்கு வந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம்.

“இப்பவும் பகிடி பண்ணுறாங்களாம். உன்ரை அப்பா மூண்டு தரம் பொய் சொன்னவர் எண்டு.”

“பிள்ளை அழுதவளோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“அழேல்லை. ஓம், அப்பா பயந்துபோனார், பிறகு அழுதவர், நீங்கள் பாத்தனீங்கள்தானே எண்டு சொன்னாளாம்.”

அவர் அதைச் சொல்லிவிட்டு நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. படம் கீறுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். கெட்டவனுக்குக் கை தானாக ஒரு முகத்தைக் கீறிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் பேனையை ஒருக்கா நிறுத்துங்கள். அந்த முகத்தோடு உண்மையான தகப்பன் ஒருவர் எங்கேயோ இருக்கிறார். அவருடைய பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும்.